பிப்ரவரி 29-இல் ஒரு பிரதமர், ஜூன் 3-ஐ விட்டுக்கொடுத்த ராஜா: ஒரே நாளில் பிறந்த பிரபலங்களின் கணக்கு வழக்கு

1927 ஜூன் 24-இல் கண்ணதாசன் பிறந்தார். சரியாக ஒரு வருடம் கழித்து, 1928 ஜூன் 24-இல் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தார். அவர் சிறுகூடல்பட்டி, இவர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. பாட்டும் மெட்டும் ஒரே தேதியைப் பிடித்துக்கொண்டு பூமிக்கு வந்ததை நினைத்து உருகாத மெல்லிசை மேடை இல்லை. பூர்வஜென்ம பந்தம் என்பார்கள், சரஸ்வதி போட்ட முடிச்சு என்பார்கள். உருகி முடித்ததும் மெதுவாக ஒரு தகவலைச் சொல்லிப் பாருங்கள்: லயோனல் மெஸ்ஸியும் ஜூன் 24 தான், 1987. சரஸ்வதிக்கும் அந்த இடது காலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் இது ஒரு விதி. இரண்டு பேர் இருக்கும்வரை தெய்வ சங்கல்பம். மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் வெறும் காலண்டர்.

ஜனவரி 17-ஐ எடுங்கள். எம்.ஜி.ஆர் 1917, முகமது அலி 1942. ஆகா, இருவருமே சண்டை தெரிந்தவர்கள், ஏழைகளின் தலைவர்கள் என்று கட்டுரை எழுதத் தோன்றும். அதே தேதியில் சிகாகோ கடத்தல் மன்னன் அல் கபோன் (1899), முகத்தை ரப்பர் மாதிரி இழுக்கும் ஜிம் கேரி (1962), மிஷேல் ஒபாமா (1964) என்று வரிசையாக வந்து உட்கார்ந்தால் கட்டுரை படுத்துவிடும். டிசம்பர் 12-இல் ரஜினிகாந்த், பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, சரத் பவார், யுவராஜ் சிங். ஏப்ரல் 24-இல் ஜெயகாந்தனும் டெண்டுல்கரும். ஒருவர் எதிரே வந்த எதையும் அடித்தார், இன்னொருவர் பந்தை மட்டும். செப்டம்பர் 15-இல் அண்ணாவும் அகதா கிறிஸ்டியும். அவருடையது அடுக்குமொழி, அம்மையாருடையது அடுக்கடுக்காகக் கொலை.

சில தேதிகளுக்குக் கொஞ்சம் பேராசை. நவம்பர் 7-இல் மேரி கியூரி (1867), சி.வி.ராமன் (1888), விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லாரன்ஸ் (1903), பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு (1913), மூளை விஞ்ஞானி எரிக் காண்டல் (1929). கியூரி இரண்டு முறை வாங்கியவர் என்பதால் ஐந்து பேருக்கு ஆறு நோபல். அந்த வரிசையில் ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியும் (1879) கமல்ஹாசனும் (1954) உண்டு. கமல் பேசினால் புரியவில்லை என்று புலம்புகிறவர்கள் அவர் பிறந்த தேதியின் சகவாசத்தை ஒரு முறை பார்க்க வேண்டும்.

இருபத்து மூன்று பேர் போதும்

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்றால், நடக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஓர் அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் யாராவது இருவருக்குப் பிறந்த தேதி ஒன்றாக இருக்க 50.7 சதவீத வாய்ப்பு. கால்பந்து மைதானத்தில் 22 ஆட்டக்காரர்களும் ஒரு நடுவரும் நின்றால் அந்த 23 ஆகிவிட்டது. 30 பேர் என்றால் 70.6 சதவீதம், 40 பேர் உள்ள வகுப்பில் 89 சதவீதம், 57 பேர் ஆனால் 99 சதவீதம். ஒரு பேருந்து நிறைய ஆள் இருந்து, அதில் ஒரு ஜோடிகூடச் சேரவில்லை என்றால் அதைத்தான் பத்திரிகையில் போட வேண்டும்.

கணக்கைக் கைப்பேசி கால்குலேட்டரிலேயே போடலாம். நேராக ‘சேரும் வாய்ப்பு’ தேடினால் சிக்கிக்கொள்வீர்கள்; ‘சேராத வாய்ப்பை’ப் பிடியுங்கள். முதல் ஆள் எந்தத் தேதியிலும் பிறக்கலாம். இரண்டாவது ஆள் அவரோடு மோதாமலிருக்க மிச்சம் 364 தேதிகள், அதாவது 364/365. மூன்றாவது ஆளுக்கு 363/365. இப்படியே இறங்கி, 23-ஆவது ஆளுக்கு 343/365. இந்த 22 பின்னங்களையும் பெருக்கினால் 0.4927 வரும். ஒன்றிலிருந்து கழித்தால் 0.5073. ஓர் ஆளைக் குறைத்து 22-இல் நிறுத்தினால் 47.6 சதவீதம்தான், அதனால்தான் 23 என்ற எண்ணுக்கு இத்தனை பேர்.

பெரும்பாலோர் இதை நம்ப மறுப்பதற்குக் காரணம், கேள்வியை அவர்கள் தங்களை நடுவில் வைத்துக் கேட்டுக்கொள்வது. ‘என் தேதியில் இங்கே யாராவது உண்டா?’ என்பது வேறு கேள்வி. மற்ற 22 பேரில் ஒருவர் உங்கள் தேதியில் பிறந்திருக்க 6 சதவீத வாய்ப்புகூடக் கிடையாது. அது பாதிக்குப் பாதி ஆக வேண்டுமானால் உங்களைத் தவிர 253 பேர் வேண்டும். 23 பேருக்குள் கை குலுக்கினால் எத்தனை ஜோடி என்று எண்ணிப் பாருங்கள்: 23-ஐ 22-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதே 253. உங்களைச் சுற்றி 22 கை குலுக்கல். உங்களைச் சேர்க்காமல் மற்றவர்களுக்குள் 231. நம் கண்ணுக்குத் தெரியாமல் போவது அந்த 231 தான். தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 பேர், 27,261 ஜோடிகள். அதை 365-ஆல் வகுத்தால் சராசரியாக 74 ஜோடிகளுக்கு மேல் ஒரே பிறந்தநாள் வரும். கட்சிக் கொறடாக்களால் தடுக்க முடியாத கூட்டணி அது.

கல்யாண மண்டபத்தில் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் சில விஷயங்கள். ‘உங்க பிறந்தநாள் என்ன?’ என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு போனால் பத்தாவது ஆளுக்குள் கூட்டம் கலைந்துவிடும். சீட்டுக் கொடுத்துத் தேதியையும் மாதத்தையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். வருடம் கேட்டால் பெரியம்மாக்கள் சீட்டைத் திருப்பித் தரமாட்டார்கள். மாதவாரியாகப் பன்னிரண்டு குவியலாகப் பிரித்தால் 40 பேருக்கு ஒரு குவியலில் மூன்று, நாலு சீட்டுதான் இருக்கும். ஒரு நிமிடத்தில் ஜோடி தெரியும். கணக்கைக் கெடுப்பவர்கள் மூன்று வகை. இரட்டையர்கள் முதல் வகை. அவர்களில் ஒருவரை நீக்கிவிட வேண்டும். நட்சத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுப்பவர்கள் இரண்டாம் வகை. பள்ளிக்கூடத்து தேதியை எழுதுபவர்கள் மூன்றாம் வகை. கடைசி இரண்டு வகைகளும் தனிக் கதை, வருகிறேன். ஒன்று மட்டும்: பிறப்புகள் வருடம் முழுக்கச் சீராகப் பரவாமல் சில மாதங்களில் குவிந்தால் ஜோடி சேரும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது. 50.7 என்பது கீழ் எல்லை.

பிரபலங்கள் பட்டியலில் இன்னொரு சலுகையும் இருக்கிறது. மொத்தம் 366 தேதிகள். பிரபலம் என்று பத்தாயிரம் பேரை எடுத்தாலே தேதிக்கு 27 பேர். அந்த 27-இல் பொருத்தமான இருவரை மட்டும் வெளியே எடுத்து மாலை போட்டுவிட்டு, மீதி 25 பேரைக் கொல்லைப்புறமாக அனுப்பிவிடுகிறோம். சுவரில் அம்பை எய்துவிட்டு, குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைவதில் குறி தப்பவே தப்பாது.

பாகப்பிரிவினை

ஒரே தேதியைப் பங்கு போட்டாலும் பாகம் சமமாக வருவதில்லை. அக்டோபர் 2-இல் பிறந்த லால் பகதூர் சாஸ்திரிக்குக் கிடைப்பது காந்தி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். அன்று விடுமுறை விட்டதும் காந்திக்கு, மதுக்கடை மூடியதும் காந்திக்கு. டிசம்பர் 25-இல் நிலைமை இன்னும் விசேஷம். வாஜ்பாய் (1924) பிறந்த அன்று இந்தியாவில் விடுமுறை, ஜின்னா (1876) பிறந்த அன்று பாகிஸ்தானில் விடுமுறை. இரு நாடுகளும் ஆண்டுதோறும் ஒரே நாளில் ஓய்வெடுக்கின்றன. நம் பக்கம் விடுமுறைக்குக் காரணம் பெத்லகேமில் பிறந்த மூன்றாமவர். செப்டம்பர் 17-இல் பெரியாரும் (1879) நரேந்திர மோடியும் (1950). தமிழ்நாட்டில் அன்று சமூகநீதி நாள் உறுதிமொழி ஒரு பக்கம், பிரதமருக்கு வாழ்த்து சுவரொட்டி இன்னொரு பக்கம். ஒரே சுவரில் இரண்டையும் ஒட்டவேண்டிய ஆளுக்குத்தான் கஷ்டம். அதே தேதிக்காரரான ரவிச்சந்திரன் அஸ்வின் (1986) இரண்டு பக்கமும் திரும்பும் பந்து போடத் தெரிந்தவர் என்பதில் உள்ளர்த்தம் எதுவும் இல்லை.

சாஸ்திரிக்கு ஓர் ஆறுதல். அவர் பிறந்த அதே 1904 அக்டோபர் 2-இல், வருடமும் தப்பாமல், இங்கிலாந்தில் நாவலாசிரியர் கிரஹாம் கிரீன் பிறந்தார். தேதி பொருந்துவது சாதாரணம். வருடமும் சேர்ந்து பொருந்தினால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற ஜோடி லிங்கனும் டார்வினும்: 1809 பிப்ரவரி 12. ஒருவர் கென்டக்கியில் மரக்கட்டைக் குடிலில், மற்றவர் ஷ்ரூஸ்பரியில் பணக்கார டாக்டர் வீட்டில். பின்னாளில் இருவரும் தாடியால் அடையாளம் காணப்பட்டார்கள் என்பதைத் தவிர ஜாதகத்தில் வேறு பொருத்தம் தேட வேண்டாம்.

நம்மிடம் இதைவிடப் பெரிய கூட்டு உண்டு. 1882 டிசம்பர் 11-இல் எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார். அதே நாள் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் மாக்ஸ் போர்ன் பிறந்தார். குவாண்டம் இயற்பியலில் நிகழ்தகவைக் கொண்டுவந்து 1954-இல் நோபல் வாங்கியவர். அதே நாள் நியூயார்க்கில் ஃபியோரெல்லோ லா கார்டியா பிறந்தார். 1934 முதல் 1945 வரை அந்த நகரத்தின் மேயர், இன்று விமான நிலையத்தின் பெயர். ஐந்தடி இரண்டங்குலம். ஃபியோரெல்லோ என்றால் இத்தாலிய மொழியில் சின்னப் பூ.

பொருத்தம் தேடுகிறவர்களுக்கு இங்கே தீனி இருக்கிறது. பாரதி பாப்பாவுக்குப் பாட்டு எழுதினார். லா கார்டியா 1945-இல் பத்திரிகை விநியோகிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, குழந்தைகள் ஏங்கிவிடக் கூடாதென்று வானொலியில் உட்கார்ந்து படக்கதைகளைக் குரல் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினார். போர்னின் பேத்தி பாடகி ஒலிவியா நியூட்டன் ஜான். போர்ன் 1935-36-இல் ராமன் அழைத்து பெங்களூருக்கே வந்து சில மாதங்கள் வேலை பார்த்தார். நவம்பர் 7 அழைத்து டிசம்பர் 11 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆயுள் பாவத்தைப் பார்த்தால் ஜோசியருக்கு வேர்த்துவிடும். போர்ன் 87, லா கார்டியா 64, பாரதி 38.

‘ஒரே நாள்’ என்றால் எந்த நாள்?

மூவரும் ஒரே நாளில் பிறந்தார்கள் என்கிறோம். ஒரே நேரத்தில் அல்ல. 1882-இல் உலகத்துக்குப் பொதுவான நேர வலயம் கிடையாது. ஊருக்கு ஊர் சூரியன் உச்சிக்கு வரும்போது பன்னிரண்டு. தீர்க்கரேகை வித்தியாசத்தை 15-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். எட்டயபுரம் கிழக்கே 78 பாகை, பிரெஸ்லாவ் கிழக்கே 17: நான்கு மணி நேர வித்தியாசம். நியூயார்க் மேற்கே 74: மொத்தம் 152 பாகை, பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆக நியூயார்க்கில் அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பிறந்த எந்தக் குழந்தையும் எட்டயபுரத்துக் கணக்கில் டிசம்பர் 12. ரஜினி கோஷ்டி.

இன்றைய நேர வலயங்களில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஒரு தேதி முதலில் பசிபிக் கடல் நாடான கிரிபாட்டியின் கிழக்குத் தீவுகளில் பிறக்கிறது. கடைசியாக, ஆளில்லாத ஹவுலாண்ட், பேக்கர் தீவுகளின் பக்கம் மறைகிறது. இடையில் 50 மணி நேரம். ஒரே தேதியில் பிறந்த இருவருக்கு இடையே இரண்டு முழு நாள் வித்தியாசம் இருக்கலாம். ஐந்து நிமிட இடைவெளியில் பிறந்த இருவருக்கு வேறு வேறு தேதி வாய்க்கலாம்.

கடிகாரம் செய்யும் சேட்டை இவ்வளவுதான். காலண்டர் செய்வது அதைவிடப் பெரியது. ஜூலியன் காலண்டர் நாலு வருடத்துக்கு ஒரு லீப் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டது. ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் உபரி, 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகு. 1582-இல் போப் கிரிகோரி திருத்தியபோது அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. அன்று இரவுதான் அவிலாவின் புனித தெரசா காலமானார். அதனால் அவர் திருநாள் பத்து நாள் தாண்டி 15-ஆம் தேதி வருகிறது. கத்தோலிக்க நாடுகள் உடனே மாறின. போப் சொன்னதால் சூரியன் சொன்னாலும் கேட்கமாட்டோம் என்று பிரிட்டன் 1752 வரை இழுத்தது, ரஷ்யா 1918 வரை.

மாற்றும் விதி எளிது, தவறவிடுவதும் எளிது. பழைய தேதியோடு 1700 பிப்ரவரி வரை 10 நாள், 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, பிறகு 13 கூட்ட வேண்டும். நூற்றாண்டு வருடங்களில் பழைய காலண்டர் லீப் போடும், புதியது 400-ஆல் வகுபடாவிட்டால் போடாது. அதனால்தான் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது.

இப்போது அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பாருங்கள். பாஸ்டனில் அவர் பிறந்த அன்று ஊர்க் காலண்டர் காட்டியது ஜனவரி 6. ஏ.ஆர்.ரகுமான் (1967), கபில் தேவ் (1959), ‘மிஸ்டர் பீன்’ ரோவன் அட்கின்சன் (1955) ஆகியோரின் தேதி. 46 வயதில் பிரிட்டிஷ் காலண்டர் திருத்தம் வந்தது. 11 நாள் கூட்டியதும் ஜனவரி 17. எம்.ஜி.ஆர் கோஷ்டி. கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்போது இல்லை.

ட்ராட்ஸ்கி கதை இதைவிட நயம். அக்டோபர் புரட்சி நடந்ததும் நவம்பர் 7, அவர் பிறந்ததும் நவம்பர் 7. தன் பிறந்தநாளுக்குத் தானே புரட்சி பரிசளித்துக்கொண்டவர் என்று எழுதுவார்கள். பழைய காலண்டரில் அவர் பிறந்தது 1879 அக்டோபர் 26. புரட்சி 1917 அக்டோபர் 25. அதாவது புரட்சி நடந்த அன்று பெட்ரோகிராடில் தொங்கிய காலண்டர்படி அவர் பிறந்தநாள் மறுநாள். பிறந்த தேதி 19-ஆம் நூற்றாண்டு என்பதால் 12 நாள் கூடுகிறது, புரட்சி 20-ஆம் நூற்றாண்டு என்பதால் 13 நாள் கூடுகிறது. இரண்டும் நவம்பர் 7-இல் வந்து நிற்கின்றன. பரிசளித்தது கூட்டல் கணக்கு.

கலிலியோ இறந்த வருடம் நியூட்டன் பிறந்தார் என்ற பள்ளிப் பாடத்துக்கும் இதே வியாதி. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய காலண்டரில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய காலண்டரில். இருவரையும் புதியதில் வைத்தால் நியூட்டன் 1643 ஜனவரி 4. இருவரையும் பழையதில் வைத்தால் கலிலியோ 1641 டிசம்பர் 29. எந்தப் பக்கம் நின்றாலும் வருடம் ஒட்டாது. ஒரு காலை அந்தப் படகிலும் ஒரு காலை இந்தப் படகிலும் வைத்தால்தான் ஒட்டும். ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23-இல் சேர்ந்து போனார்கள் என்பதும் அப்படியே: சொல்லப்படும் தேதி ஒன்று, நாள் பத்து தள்ளி.

நட்சத்திரமும் தலைமை ஆசிரியரும்

நம் ஊரில் காலண்டருக்கு முன்பே நட்சத்திரம் இருந்தது. ராஜராஜ சோழனுக்கு ஐப்பசி சதயம். அது ஆண்டுதோறும் வேறு வேறு ஆங்கிலத் தேதியில் வரும், தஞ்சாவூரும் அதன்படியே விழா எடுக்கும். நட்சத்திரம் 27, மாதம் 12. பெருக்கினால் 324 பொருத்தங்கள்தான். 365 தேதியைவிடக் குறைவு என்பதால் நட்சத்திரப் பிறந்தநாளில் ஜோடி சேர 23 பேர்கூட வேண்டாம், 22 போதும். வைகாசி விசாகத்தில் முருகனும் நம்மாழ்வாரும் சேர்ந்தே அவதரித்ததாகச் சொல்வது அந்த அளவில் கணிதத்துக்கு விரோதமல்ல. சிக்கல் வேறு இடத்தில். சந்திரன் 27 நட்சத்திரத்தையும் 27 நாள் சொச்சத்தில் சுற்றிவிடும், தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள். அதனால் ஒவ்வொரு மாதத்திலும் இரண்டு முதல் ஐந்து நட்சத்திரங்கள் இரண்டு முறை தலைகாட்டும். அந்த வருடம் பிறந்தநாள் முதல் தேதியிலா கடைசியிலா என்று வீட்டில் ஒரு விவாதம் நடக்கும். பாயசம் இரண்டு முறை கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஆட்சேபம் இல்லை.

மூன்றாம் வகைக்கு வருவோம். பிறப்புப் பதிவு இன்றுபோல் பரவாத காலத்தில், பள்ளியில் சேர்க்க வந்த குழந்தையின் வயதைத் தலைமை ஆசிரியர் ஓர் உடற்பயிற்சி மூலம் கண்டுபிடித்தார்: வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடு. தொட்டால் ஐந்து வயது. கை எட்டிய வயது தெரிந்துவிட்டது, தேதி? ஜூனில் பள்ளி திறக்கும் நாளன்று ஐந்து முடிந்திருக்க வேண்டும்; ஆகவே மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ பேனா போன இடத்தில் ஒரு தேதி. அப்படி ஒரே பேனாவால் ஒரே மேசையில் பிறந்தவர்கள் ஒரு வகுப்புக்கு நாலைந்து பேர் இருந்தார்கள். அறுபதைத் தாண்டியவர்களிடம் சீட்டு வாங்கும்போது மே, ஜூன் குவியல் மட்டும் வீங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஓய்வு பெறும் தேதி பள்ளிச் சான்றிதழ்படி, அறுபதாம் கல்யாணம் ஜாதகப்படி என்று இரண்டு வயதோடு வாழ்பவர்கள் இவர்கள்.

குடியரசுத் தலைவர் மாளிகைவரை சென்ற பேனா ஒன்று உண்டு. கே.ஆர்.நாராயணனை முதல் நாள் பள்ளிக்கு அழைத்துப்போன மாமாவுக்கு அவர் பிறந்த தேதி தெரியவில்லை. 1920 அக்டோபர் 27 என்று சொல்லிவிட்டார். உண்மையான நாள் 1921 பிப்ரவரி 4. பதிவில் ஏறியதை அப்படியே இருக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். நாட்டின் முதல் குடிமகனுடைய அதிகாரபூர்வப் பிறந்தநாள், ஒரு மாமாவின் குத்துமதிப்பு.

குதிரைகளுக்கு இந்த மாமாகூட வேண்டாம். வட பாதிப் பூமியில் உள்ள பந்தயக் குதிரைகள் அத்தனைக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1. டிசம்பர் 31 இரவு பிறந்த குட்டிக்கு விடிந்தால் ஒரு வயது. பந்தயத்தில் அது தன்னைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்த குதிரையோடு ஓட வேண்டும் என்பதால், பண்ணைக்காரர்கள் குட்டி ஜனவரி பிறந்த பிறகே விழும்படி இணை சேர்க்கிறார்கள். சினைக்காலம் பதினொரு மாதம்.

தேதியைப் பிறர் கொடுத்த கதை இவையென்றால், இருந்த தேதியை விட்டுக்கொடுத்த கதை இளையராஜாவுடையது. அவர் பிறந்தது ஜூன் 3. கலைஞர் கருணாநிதி பிறந்ததும் ஜூன் 3 (1924). இசைஞானி என்ற பட்டம் கொடுத்தவரின் நாளில் தனக்குத் தனி விழா வேண்டாம் என்று ஜூன் 2-க்கு நகர்ந்துகொண்டார். பட்டம் வாங்கி ஒரு நாள் கொடுத்தவர். நகர்ந்து போய் உட்கார்ந்த இடத்தில் யார்? ஜூன் 2, 1956, மணிரத்னம். 1991 வரை அவர் படங்கள் அத்தனைக்கும் இசை இளையராஜா. அடுத்த வருடமே ரகுமான். இந்தப் பக்கம் ஜூன் 4 எஸ்.பி.பாலசுப்ரமணியம். ஆக ஜூன் முதல் வாரத்தில் இயக்குநர், இசையமைப்பாளர், வசனகர்த்தா, பாடகர் என ஒரு முழுப் படமே தயார். பிறந்தநாள் சரியாக ஒன்றாக இல்லாமல் ஒரு நாள் முன்பின் இருந்தாலும் போதும் என்று தளர்த்திக்கொண்டால், பாதிக்குப் பாதி வாய்ப்புக்கு 14 பேரே போதும். ‘கிட்டத்தட்ட அதே நாள்’ என்று எழுதும் பட்டியல்கள் ஓடுவது இந்தச் சலுகையில்.

எட்டு வயதில் முதல் பிறந்தநாள்

கடைசியாக, கணக்குப்படி அரிதான தேதி. 1461 நாளுக்கு ஒரு முறை வரும் பிப்ரவரி 29.

மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் பிறந்தார். நாலு வயதில் முதல் பிறந்தநாள் வந்திருக்க வேண்டும். ஆனால் 1900, நூற்றாண்டு வருடம், 400-ஆல் வகுபடாது, லீப் கிடையாது. ஃபிராங்க்ளினைக் கட்சி மாற்றிய அதே விதி, இங்கே ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளைப் பிடுங்கிக்கொண்டது. அவர் எட்டு வயது முடியும்வரை காத்திருந்தார். கடைசியில் 1904 பிப்ரவரி 29 வந்தது. மொரார்ஜியின் வாழ்வில் முதல் முறையாக அவர் தேதி காலண்டரில் இருந்த அன்று, மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ருக்மிணி தேவி அருண்டேல்.

1977. மொரார்ஜி பிரதமர். பக்ருதீன் அலி அகமது பிப்ரவரியில் காலமானதால் குடியரசுத் தலைவர் பதவி காலி. கலாக்ஷேத்ராவை நிறுவியவரான ருக்மிணி தேவியை அந்தப் பதவிக்கு நிறுத்த மொரார்ஜி விரும்பிக் கேட்டார்.

பிப்ரவரி 29-களை மட்டும் எண்ணி வயதைப் பாருங்கள். மொரார்ஜிக்கு 1904 முதல் 1976 வரை 19 பிறந்தநாள். ருக்மிணி தேவிக்கு 1908 முதல் 1976 வரை 18. அரசியல் சட்டப்படி பிரதமராக 25 வயது ஆகியிருக்க வேண்டும், குடியரசுத் தலைவராக 35. ஓட்டுப் போடவே அப்போது 21. ஓட்டுரிமை இல்லாத 19 வயதுப் பையன், ஓட்டுரிமை இல்லாத 18 வயதுப் பெண்ணிடம் ராஷ்டிரபதி பவனை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போட்டியின்றித் தேர்வாகி ஜூலை 25-இல் பதவியேற்றவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிறந்தநாள் மே 19. வருடம் தவறாமல் வருவது.